வாசல் திறந்த பிறகு: மறைந்த உலகங்களைத் தேடும் ஆறு படங்களில் எதைத் திரையிடலாம்?

எங்கள் வாசகர் வட்டம் ஆண்டுக்கு ஒருமுறை, கோடை விடுமுறையில், புத்தகங்களை ஓரமாக வைத்துவிட்டு ஒரு படம் திரையிடுவது வழக்கம். இம்முறை என்ன மாதிரிப் படம் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்துவிட்டார்கள்: யாருக்கும் தெரியாத ஓர் ஊரைத் தேடிப் போகும் கதையாக இருக்க வேண்டுமாம். எந்தப் படம் என்று முடிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வருகிறவர்களில் பத்து வயதுச் சிறுமியும் இருப்பாள், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரும் இருப்பார். படம் முடிந்ததும் ஒரு மணி நேரமாவது பேசுவார்கள் என்பதால், பார்த்து ரசிக்கவும் பேசவும் இடம் தருகிற படமாக அது அமைய வேண்டும். ஆறு படங்களை மறுபடி பார்த்து, ஒன்றோடொன்று வைத்து எடை போட்டதன் விளைவுதான் இக்கட்டுரை.

எடை போடுவதற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. இவ்வகைப் படங்களில் தேடிப் போகும் பகுதி ஏறத்தாழ ஒரே வார்ப்பில்தான் இருக்கிறது: பழைய வரைபடமோ ஓலையோ கிடைக்கும், கற்றறிந்த சபை சிரிக்கும், ஆறும் காடும் பனியும் குறுக்கே வரும், துணைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வழியிலேயே மடிவார்கள். இதில் ஒரு படத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் செலவழித்த பணத்தின் வேறுபாடுதான். உண்மையான வேறுபாடு வாசல் திறந்த பிறகு தெரிகிறது. அங்கே ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கும் மனிதர்களை அந்தப் படம் என்ன செய்கிறது, கண்டுபிடித்தவன் அந்த ஊரைக் கடைசியில் என்ன செய்துவிட்டுப் போகிறான் என்ற இரண்டு கேள்விகளை வைத்தே ஆறு படங்களையும் பார்த்தேன். சாட்டையும் தொப்பியுமாகத் திரியும் அமெரிக்கப் பேராசிரியர் இண்டியானா ஜோன்ஸின் படவரிசையைச் சேர்க்கவில்லை; அதைப் பார்க்காத பிள்ளை எங்கள் வட்டத்தில் இல்லை, மேலும் அதில் தேடப்படுவது பொருள்தானே தவிர ஊர் அன்று.

வயதில் மூத்தது 1925இல் வந்த ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ என்னும் மௌனப் படம். ஆர்தர் கோனன் டாயில் 1912இல் எழுதிய நாவலைத் தழுவியது. வெனிசுலா, பிரேசில், கயானா ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகள் கூடும் ரொரைமா போன்ற, செங்குத்துச் சுவர்களும் தட்டையான உச்சியும் கொண்ட தென்னமெரிக்க மலைகளின் தோற்றத்திலிருந்தே, டைனோசர்கள் இன்னும் உயிரோடிருக்கும் பீடபூமி என்ற கற்பனை கிளைத்தது. வில்லிஸ் ஓபிரையன் சிறு பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் தனித்தனிப் படமாக எடுத்து அந்த விலங்குகளை நடமாடவிட்டார். படம் வெளிவருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1922இல், நியூயார்க்கில் மந்திரவாதிகள் சங்கத்தின் கூட்டத்தில் டாயில் ஒரு விளக்கமும் சொல்லாமல் சோதனைக் காட்சிகளைத் திரையிட்டுக் காட்ட, கண்கட்டு வித்தையைத் தொழிலாகக் கொண்டவர்களே அது எப்படிச் செய்யப்பட்டது என்று தெரியாமல் திகைத்தார்கள். எங்கள் அளவுகோலில் மட்டும் இப்படம் தேறவில்லை. பீடபூமியில் கண்டெடுத்த உயிர் லண்டனுக்குக் காட்சிப்பொருளாகக் கொண்டுவரப்படுகிறது. அது தப்பித்துத் தெருக்களில் ஓடி, டவர் பிரிட்ஜ் பாலத்தை உடைத்துக்கொண்டு தேம்ஸ் ஆற்றில் விழுந்து நீந்திப் போகிறது. கறுப்பினப் பணியாளராக முகத்தில் மைபூசிய வெள்ளை நடிகர் ஒருவர் நடித்திருப்பதையும் பிள்ளைகளுக்கு விளக்கித்தான் காட்ட வேண்டியிருக்கும். இருபது நிமிடத் துண்டு ஒன்றைத் தொடக்கத்தில் காட்டலாம், முழுப் படமாக வேண்டாம் என்பது என் கருத்து.

ஃபிராங்க் காப்ரா இயக்கி 1937இல் வெளிவந்த ‘லாஸ்ட் ஹொரைசன்’ நம்மில் பலருக்குத் தெரியாமலே நம் பேச்சுக்குள் வந்துவிட்ட படம். ஓட்டல்களுக்கும் குடியிருப்புகளுக்கும் வைக்கப்படும் ‘ஷாங்க்ரி-லா’ என்ற பெயர், ஜேம்ஸ் ஹில்டன் 1933இல் எழுதிய மூல நாவலுக்காக உருவாக்கியது. போரிலிருந்து தப்பிப் பறக்கும் விமானம் கடத்தப்பட்டு இமயத்துக்கு அப்பால் பனியில் விழ, உயிர் பிழைத்தவர்கள் முதுமையே மெதுவாக வரும் ஒரு பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்லப்படுகிறார்கள். பனிக்காட்சிகளை லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு குளிர்பதனக் கிடங்குக்குள் எடுத்ததால் நடிகர்களின் வாயிலிருந்து வரும் மூச்சுப் புகை உண்மையானது. தொண்ணூறு ஆண்டுகளை நெருங்கும் இந்நேரத்திலும் அக்காட்சிகள் உடம்பைச் சிலிர்க்க வைக்கின்றன. 1942இல் டோக்கியோ மீது குண்டு வீசிய விமானங்கள் எங்கிருந்து கிளம்பின என்று கேட்டபோது ‘ஷாங்க்ரி-லாவிலிருந்து’ என்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் சொன்னதும், 2001இல் சீன அரசு யுன்னான் மாகாணத்தின் ஜோங்தியான் என்ற ஊருக்கு அந்தக் கற்பனைப் பெயரையே அதிகாரபூர்வமாகச் சூட்டிச் சுற்றுலாப் பயணிகளை வரவேற்றதும் இக்கதையின் நீட்சிகள். கண்டுபிடிக்கப்பட்ட கற்பனை ஊர் ஒன்று வரைபடத்தில் ஏறிய கதை வேறு எந்தப் படத்துக்கும் உண்டா என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் தலைவர் யார்? திபெத்தின் மலைகளுக்கு நடுவே, அங்கேயே பிறந்து வளர்ந்த மக்களுக்கு நடுவே, இருநூறு வயதைத் தாண்டிய ஐரோப்பியப் பாதிரியார் ஒருவர் தலைமை லாமாவாக அமர்ந்து உலக அமைதியைப் பற்றிப் பேசுகிறார். உள்ளூர் மக்கள் பாட்டுப் பாடுவதற்கும், வயலில் குனிவதற்கும், வருகிறவர்களைப் பார்த்துப் புன்னகைப்பதற்கும் மட்டுமே பயன்படுகிறார்கள். படம் நல்ல மனத்தோடு எடுக்கப்பட்டது, அடுத்த உலகப் போர் வரப்போகிறது என்ற அச்சம் அதில் உண்மையாகவே இருக்கிறது என்பதையெல்லாம் ஒப்புக்கொண்டாலும், ஒரு நாகரிகத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லிக்கொண்டு தங்கள் நாகரிகத்தையே மலைமேல் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்பதை மறைக்க முடியவில்லை. இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. 132 நிமிடம் ஓடிய இப்படம் பிற்காலத்தில் வெட்டப்பட்டுச் சிதைந்து, 1973இல் தொடங்கிய மீட்புப் பணியில் ஒலி முழுமையாகக் கிடைத்தும் ஏறத்தாழ 7 நிமிடக் காட்சிகள் கிடைக்காமல் போனதால், அந்த இடங்களில் அசையாப் புகைப்படங்களை வைத்து நிரப்பியிருக்கிறார்கள். எனக்கு அந்த இடங்கள் பிடித்திருந்தன. பிள்ளைகள் படம் நின்றுவிட்டதென்று கூச்சல் போடுவார்கள்.

ஜான் ஹூஸ்டன் இயக்கிய ‘தி மேன் ஹூ வுட் பி கிங்’ (1975) இந்த ஆறில் மிகக் கூர்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ருட்யார்ட் கிப்ளிங் 1888இல் வெளியிட்ட சிறுகதையை எடுத்துக்கொண்டு, பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து விலகிய இரண்டு போக்கிரிகள் இருபது துப்பாக்கிகளோடு காபிரிஸ்தானுக்குப் போய் அரசர்களாகிவிடத் திட்டமிடுவதைச் சொல்கிறது. ஷான் கானரியும் மைக்கேல் கெயினும் அந்த இருவர். கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும் பத்திரிகைக்காரர் கிப்ளிங்காக கிறிஸ்டபர் பிளம்மர் வருகிறார். காபிரிஸ்தான் கற்பனை ஊர் அன்று. இன்றைய ஆப்கானிஸ்தானின் வடகிழக்கில், இஸ்லாத்துக்கு முந்தைய தங்கள் பழைய வழிபாட்டையே பின்பற்றி வாழ்ந்த மலைமக்களின் நாடு அது. கிப்ளிங் கதை எழுதிய சில ஆண்டுகளிலேயே, 1895–96இல், அமீர் அப்துர் ரஹ்மான் அதை வென்று மதம் மாற்ற, ஒளியின் நாடு என்னும் பொருளில் நூரிஸ்தான் என்ற பெயர் வந்தது. படம் எடுக்கப்பட்டதோ பெரும்பாலும் மொராக்கோவில்.

இருவரும் நாடு பிடிக்கிறார்கள். சண்டையில் கானரி நடித்த டிராவட்டின் மார்பில் பாய்ந்த அம்பு தோட்டாப் பட்டையில் குத்தி நிற்க, அவனுக்கு இரத்தம் வராததைக் கண்டு மக்கள் கடவுளென்று நம்பத் தொடங்குகிறார்கள். பூசாரிகளோ அவன் கழுத்தில் தொங்கும் ஃப்ரீமேசன் என்னும் ரகசியச் சகோதரச் சங்கத்தின் சின்னத்தைப் பார்த்து, முன்னொரு காலத்தில் தங்கள் நாட்டுக்கு வந்து திரும்பி வருவதாகச் சொல்லிப் போன சிக்கந்தரின், அதாவது அலெக்சாந்தரின், வாரிசு என்று முடிவு செய்கிறார்கள். வேடிக்கையாகத் தொடங்கிய ஏமாற்று மெல்ல மெல்ல மாறுகிறது. ஏமாற்றியவனே அதை நம்பத் தொடங்குகிறான். நீதி வழங்குகிறான், பாலம் கட்டுகிறான், இந்த மக்கள் என் மக்கள் என்கிறான். பெண் கேட்கிறான். மணமேடையில் அச்சத்தில் நடுங்கும் அந்தப் பெண் அவன் கன்னத்தைக் கடித்துவிட, வழியும் ஒரு கோடு இரத்தம் அரசாட்சியை முடித்துவைக்கிறது. நாடு பிடிப்பவன் கெட்டவன் என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்வது எளிது. இப்படமோ அவனை நமக்குப் பிடித்தவனாக ஆக்கி, அவன் ஆட்சியில் நன்மையும் நடந்தது என்று காட்டி, அதற்குப் பிறகும் அது திருட்டுத்தான் என்பதை நம்மையே உணரவைக்கிறது. உள்ளூர் மக்கள் இங்கேயும் முழு மனிதர்களாகத் தீட்டப்படவில்லை என்பது உண்மை; ஆனாலும் முடிவு அவர்கள் கையில் இருக்கிறது. இருவருக்கும் மொழிபெயர்ப்பாளனாக வரும் கூர்க்கா வீரன் பில்லி ஃபிஷ்ஷாக சயீத் ஜாஃப்ரி நடித்திருக்கிறார். மூவரில் தப்பிச் செல்லக் குதிரை கிடைத்தும் மறுத்து, தனியாகக் கத்தியோடு கூட்டத்துக்குள் பாய்கிறவன் அவன்தான். ஆங்கிலம் வேகமானது, கொச்சையானது, வெட்டப்பட்ட தலை ஒன்று காட்டப்படுகிறது. பத்து வயதுக்கு உகந்ததன்று.

ஜேம்ஸ் கிரே இயக்கிய ‘தி லாஸ்ட் சிட்டி ஆஃப் இஸட்’ (2016) இந்த வரிசையில் தனித்து நிற்கக் காரணம், தேடப்படும் நகரம் அதில் கடைசிவரை கண்ணில் படுவதே இல்லை. உண்மை மனிதரான பெர்சி ஃபாசெட்டின் கதை அது. இளம் பீரங்கிப் படை அதிகாரியாக அவர் முதலில் பணிசெய்தது திருகோணமலையில். மனைவி நீனாவைச் சந்தித்ததும் இலங்கையில்தான். 1906இல் பொலிவியாவுக்கும் பிரேசிலுக்கும் இடையிலான எல்லையை அளக்கப் போனவர், அமேசான் காட்டுக்குள் பெருநகரம் ஒன்று புதைந்திருக்கிறது என்ற எண்ணத்தில் பிடிபட்டு, மீண்டும் மீண்டும் போய், 1925ஆம் ஆண்டு மே மாதம் கடைசிக் கடிதத்தை அனுப்பிவிட்டுத் தன் மூத்த மகன் ஜாக்கோடும் மகனின் நண்பனோடும் மறைந்தார். பீடபூமியில் டைனோசர்கள் திரியும் மௌனப் படத்தை லண்டன் பார்த்துக்கொண்டிருந்த அதே ஆண்டு அது.

ஃபாசெட்டை ஏளனம் செய்த சபைக்குக் காலம் பதில் சொல்லியிருக்கிறது, அவருக்கும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. ஷிங்கு ஆற்றின் மேற்பகுதியில் தொல்லியலாளர் மைக்கேல் ஹெக்கன்பெர்கர் அங்கு வாழும் குய்குரோ மக்களோடு சேர்ந்து நடத்திய ஆய்வில் அகழிகளும் நேரான சாலைகளும் இணைத்த குடியிருப்புத் தொகுதிகள் தெரிய வந்தன. பொலிவியாவில் வானிலிருந்து லேசர் கதிர் வீசி அளந்து 2022இல் வெளியிட்ட ஆய்வில் காட்டுக்கடியில் மண் பிரமிடுகளும் கால்வாய்களும் கொண்ட குடியிருப்புகள் வெளிப்பட்டன. ஆகக் காட்டுக்குள் பெருங்குடியிருப்பு இருந்ததென்பது சரி. அதைக் கட்டியது பழைய உலகத்திலிருந்து வந்த வேறு யாரோ என்ற அவருடைய நினைப்புத்தான் பிழை. கட்டியவர்களின் வழிவந்தோர் அவர் கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருந்தார்கள். படம் இங்கே ஒரு சலுகை எடுத்துக்கொள்கிறது. உண்மை ஃபாசெட்டிடம் இருந்த இனப்பெருமையை வழித்தெடுத்துவிட்டு, பழங்குடிகளின் அறிவை மதிக்கச் சொல்லி ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டியில் வாதாடும் நவீன மனிதராக அவரைக் காட்டுகிறது. வரலாற்று ஆசிரியர் இதைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசுவார் என்பதால் அதுவே திரையிட ஒரு காரணமாகலாம். ஆனால் 141 நிமிடம், நிதானமான நடை, ஏக்கம் நிறைந்த முடிவு. சிறுவர்கள் தூங்கிவிடுவார்கள், நானும் முதல்முறை ஓரிடத்தில் கண்ணயர்ந்தேன் என்பதை மறைப்பானேன்.

இனி நம் வீட்டுப் படம். செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010 பொங்கலுக்கு வந்தபோது கலவையான வரவேற்பையே பெற்றது. இன்று அதைப் பற்றிப் பேசாத தமிழ்ப் பட விரும்பி இல்லை. சோழ அரசு முடிவுக்கு வந்ததாகக் கொள்ளப்படும் 1279இல், பாண்டியர் கைக்கு அகப்படாதபடி இளவரசனும் சிலரும் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள், வியட்நாமை ஒட்டிய ஒரு தீவில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்னும் காத்திருக்கிறார்கள் என்பது கதை. முதலாம் ராஜேந்திரனின் கப்பற்படை 1025இல் ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது வரலாறு என்பதால், சோழர் கடல் கடந்தார்கள் என்பது நம் காதுக்கு அந்நியமாக ஒலிப்பதில்லை. வழியில் வரும் தடைகளில் ஒன்று எந்த வெளிநாட்டுப் படத்திலும் நான் காணாதது: விடியலில் நீளும் நடராசர் நிழலுக்குள் ஓடினால் உயிர் பிழைக்கலாம், நிழலைவிட்டுக் கால் வெளியே பட்டால் புதைமணல். மறைந்த உலகத்தின் திறவுகோல் ஒரு பண்பாட்டின் உள்ளிருந்தே வார்க்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

வாசல் திறந்த பிறகுதான் படம் தன் முழு உயரத்துக்கு எழுகிறது. பொன்வேய்ந்த அரண்மனையை எதிர்பார்த்துப் போனவர்கள் கண்டது, பசியால் ஒடுங்கிய, கரிபடிந்த, தஞ்சைக்கு அழைத்துப் போகத் தூதன் வருவான் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்துக்கிடக்கும் ஒரு கூட்டம். பார்த்திபன் நடித்த அந்த அரசனிடம் பெருமிதமும் கொடூரமும் இயலாமையும் ஒரே உடலில் இருக்கின்றன. பழந்தமிழ் நடையில் அவர்கள் பேசுவது முதலில் சிரிப்பை வரவழைத்தாலும் சிறிது நேரத்தில் அச்சத்தை உண்டாக்குகிறது. ‘பெம்மானே’ பாடலில் பி. பி. ஸ்ரீனிவாஸின் முதிர்ந்த குரல் பசியைப் பாடும்போது அரங்கம் அடங்கிவிடும். மேலைநாட்டுப் படங்களில் தேடிப் போகிறவன் அந்நியன், கண்டெடுக்கப்படுகிறவனும் அந்நியன். இங்கே இருவரும் தமிழர். தேடி வந்தவளே பழைய பகையைச் சுமந்து வந்தவள் என்று தெரியும்போது, அந்த ஊருக்கு நேரும் அழிவு வெளியிலிருந்து வந்ததென்று சொல்லி ஆறுதல் கொள்ள வழியில்லாமல் போகிறது.

குறைகளும் சிறியவை அல்ல. தீவில் எதிர்ப்படும் பழங்குடிகளை வேட்டைக் கூட்டமாக மட்டும் காட்டுவது ஹாலிவுட்டின் பழைய பழக்கத்தை அப்படியே கடன் வாங்கியது. முதல் பாதியின் நகைச்சுவை பல இடங்களில் கொச்சையாக இறங்குகிறது. இறுதியில் சிறைப்பட்ட பெண்களுக்கு இழைக்கப்படும் வன்கொடுமை, காட்டப்படும் அளவுக்குக் காட்டப்பட்டிருக்க வேண்டுமா என்று கேட்காமல் இருக்க முடியாது. மூன்று மணி நேரப் படம் வேறு. சொந்த மொழி, சப்டைட்டில் தேவையில்லை, பேசப் பொருள் ஏராளம் என்ற மூன்று பெரிய சாதகங்கள் இருந்தும், பிள்ளைகளை முன்வரிசையில் வைத்துக்கொண்டு இதைத் திரையிட என்னால் முடியாது.

எஞ்சியது ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘லபுட்டா: வானத்துக் கோட்டை’ (1986), ஜிப்லி என்னும் அசைவூட்டப் பட நிறுவனத்தின் பெயரில் வெளிவந்த முதல் படம். கேலிச்சித்திரப் படந்தானே என்று தொடக்கத்தில் இதை ஆறாவது இடத்தில் வைத்திருந்தேன்; மறுபடி பார்த்தபின் அந்த வரிசை நிலைக்கவில்லை. ஜொனாதன் ஸ்விஃப்ட் 1726இல் எழுதிய கலிவரின் பயணத்திலிருந்து பறக்கும் தீவின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, சுரங்க ஊரில் வேலை செய்யும் பாசு என்ற சிறுவனையும், கழுத்தில் நீலக்கல் பதக்கம் அணிந்த ஷீட்டா என்ற சிறுமியையும் மியாசாகி அதன்பின்னே அனுப்புகிறார். அந்தச் சுரங்க ஊர் வேல்ஸ் நாட்டைப் பார்த்து வரைந்தது. 1984–85இல் பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர் நடத்திய நீண்ட வேலைநிறுத்தம் அவர் மனத்தில் பதிந்திருந்தது. வான்கொள்ளைக்காரர்களும் படையும் அரசு உளவாளியும் துரத்த, இருப்புப்பாதைத் துரத்தல் ஒன்று போதும் பத்து வயதுக்காரியை நாற்காலி நுனிக்குக் கொண்டுவர.

வானத்தில் மிதக்கும் அந்த நகரத்தில் மனிதர் எவரும் இல்லை. ஒரே ஓர் இயந்திர மனிதன் மட்டும், உடம்பெல்லாம் பாசி படர, தோளில் சிறு விலங்குகள் விளையாட, தோட்டத்தைப் பராமரித்து, இறந்தவர்களின் கல்லறையில் பூ வைத்துக்கொண்டிருக்கிறான். எங்கள் இரண்டு கேள்விகளும் இங்கே தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. அரசு உளவாளி முஸ்காவுக்கு அந்நகரம் உலகை ஆளும் ஆயுதம். படைவீரர்களுக்கு அது கொள்ளையடிக்கும் பொன். சிறுவனுக்கு அது பொய்யன் என்று பழிக்கப்பட்ட அப்பாவின் சொல் மெய் என்பதற்குச் சான்று. அந்நகரத்தின் அரச வாரிசு ஷீட்டாவே. கண்டுபிடித்தவளும் உரியவளும் ஒருத்தியாகிவிட்ட அந்த நிலையில், மண்ணைவிட்டு அகன்று வாழ முடியாததால்தான் தன் முன்னோர் இறங்கிப் போனார்கள் என்று சொல்லி, அழிக்கும் மந்திரத்தை அவளும் பாசுவும் சேர்ந்து உச்சரிக்கிறார்கள். ஆயுதங்கள் அடங்கிய அடிப்பகுதி உதிர்ந்து கடலில் விழ, பெருமரம் தன் வேர்களுக்குள் தோட்டத்தை ஏந்திக்கொண்டு மேலே மேலே போய்விடுகிறது. இந்த ஆறில், கண்டெடுத்த உலகத்தை ஆளாமலும் காட்சிக்கு வைக்காமலும், அதற்குள் உயிரோடிருந்ததை வாழவிட்டுத் திரும்பும் படம் இதொன்றே.

குறை சொல்வதானால், மாண்டுபோன நாகரிகத்தைக் கதைக்கு எடுத்துக்கொண்டதால், அங்கே வாழ்பவர்களை எப்படி நடத்துவது என்ற கடினமான கேள்வியிலிருந்து மியாசாகி தப்பித்துக்கொண்டார் என்று சொல்லலாம். அந்தக் கேள்வியை நேரே சந்திக்கும் துணிவு ஹூஸ்டனிடமும் செல்வராகவனிடமும்தான் இருக்கிறது. மொழியும் ஒரு தடை: ஜப்பானிய மூலத்தை ஆங்கில சப்டைட்டிலோடு காட்டினால் சிறு பிள்ளைகளுக்கு வாசிக்க வேகம் போதாது, ஆங்கில ஒலியில் காட்டுவதே மேல், நடுநடுவே ஒருவர் சுருக்கமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வரலாம். உரிமை விஷயத்தையும் மறக்கக் கூடாது. இந்தியச் சட்டத்தில் திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் நீடிப்பதால், முதலிரண்டு படங்களுக்கு மட்டுமே அந்தக் கவலை இல்லை. மற்ற நான்கில் எதைப் பொது இடத்தில் காட்டுவதானாலும் உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். வீட்டில் கட்டிய சந்தா அதற்குச் செல்லாது.

ஆகவே என் பரிந்துரை இது. அனைவரும் கூடும் ஞாயிற்றுக்கிழமைக்கு ‘லபுட்டா’; அதற்குமுன் 1925ஆம் ஆண்டுப் படத்திலிருந்து பாலம் உடையும் பகுதியை மட்டும் காட்டலாம், பிள்ளைகள் எப்படியும் டைனோசர் கேட்பார்கள். பெரியவர்கள் மட்டும் வரும் அடுத்த அமர்வுக்கு ‘ஆயிரத்தில் ஒருவன்’, அதற்கடுத்த மாதம் ஹூஸ்டன் படம். இரண்டையும் ஒரு மாத இடைவெளியில் பார்த்தால், கடவுளாக்கப்பட்ட போக்கிரியும் தூதனாக்கப்பட்ட கூலிக்காரனும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பார்கள். ஃபாசெட் படத்தை வரலாற்று ஆசிரியர் வீட்டில் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

‘லபுட்டா’ 124 நிமிடம் என்பதால் இடைவேளை தேவைப்படும். பாசுவும் ஷீட்டாவும் ஏறிய சிறு பறவைக்கலம் அந்தப் பெரும்புயல் மேகத்துக்குள் நுழையும் இடத்தில் நிறுத்தி, சுண்டலையும் மோரையும் கொடுக்கலாம். மேகத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும்.